தொண்ணூற்றிரண்டும் எண்பத்தாறும்

திருநீற்றைக் கண்டால், "இதனால் நோய் தீரும் என்பதற்குச் சான்று எங்கே?" என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். மந்திரித்த கயிற்றை அறுத்தெறியச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் தோழர்களே, அதே நாக்கு மருந்துக் கடைக்காரர் எடுத்து நீட்டும் வண்ண மாத்திரையின் முன்னால் ஏன் அடங்கிவிடுகிறது? அண்ணாகிராமம் வட்டாரத்திலே, ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே ஒப்பாதவர் பலர். சளிக்கும் ஊசி, சோர்வுக்கும் ஊசி! பூசாரியின் வேப்பிலை போய் ஊசி வந்தது. பணிந்து நிற்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

மருத்துவத்தில் சான்று என்பது எப்படிப் பிறக்கிறது, பிறந்தபின் யார் கைக்குப் போகிறது என்பதை அறிய இலண்டன் செல்ல வேண்டியதில்லை. சென்னையிலே பிறந்த அறிக்கையொன்று உண்டு. அதையே ஒரு நூலாகக் கொண்டு இங்கே திறனாய முற்படுகிறேன்.

1956ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக நலவாழ்வு நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையத்தை அமைத்தன. எலும்புருக்கி நோய் என்று நம் மக்கள் அஞ்சிய காசத்திற்கு அந்நாளில் சொல்லப்பட்ட வழி ஒன்றுதான்: காற்றோட்டமான ஆரோக்கிய விடுதி, நீண்ட ஓய்வு, ஊட்டமான உணவு. தாம்பரத்தில் 1928ல் எழுந்த விடுதி அந்த நம்பிக்கையின் சின்னம். நோயாளிகளோ இலட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். படுக்கை கிடைக்காத ஏழை என்ன செய்வான்? இருமிக்கொண்டே காத்திருப்பான், காத்திருந்தே மடிவான்.

மருந்தை அவன் வீட்டிலேயே கொடுத்தால் என்ன என்பதுதான் வினா. நெரிசலான குடியிருப்பு, போதாத சோறு. அங்கே மருந்து வேலை செய்யுமா? இந்த வினாவை எந்த மேதையின் தீர்ப்புக்கும் விடவில்லை அவர்கள். சென்னை நகரின் ஏழை மக்களில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையிலே இரு பகுதியாக்கினர். ஒரு பகுதி விடுதிக்கு, மறு பகுதி வீட்டுக்கு. ஐசோனியசிட், பாஸ் என்னும் அதே மருந்துகள், அதே ஓராண்டு.

"குலுக்கல் எதற்கு ஐயா? பார்த்துப் பிரித்தால் ஆகாதா?" என்று என் வகுப்பு மாணவியொருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. பார்த்துப் பிரித்தால், நலிந்தவரை விடுதிக்கு அனுப்பச் சொல்லும் இரக்கம். தேறக்கூடியவரைத் தன் பக்கம் சேர்க்கச் சொல்லும் ஆசை. பிறகு வரும் முடிவு சிகிச்சையின் முடிவாகாது. பிரித்தவர் மனத்தின் முடிவாகும். குலுக்கல், ஆய்வாளனை அவனிடமிருந்தே காப்பாற்றுகிறது.

1959ல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஏட்டிலே அறிக்கை வெளியாயிற்று. நடை வறண்ட நடை. உவமையில்லை, உருக்கமில்லை. ஆனால் நேர்மை உண்டு. ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர் விடுதியில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. இரண்டையும் ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. விடுதியிலிருந்தோர் உடல் எடை கூடுதலாகத் தேறினர் என்பதையும் ஒப்புகிறது. வீட்டுச் சிகிச்சைக்கு வாதாடும் மேடைப் பேச்சாளன் ஒருவன் கையில் இக்கணக்கு கிடைத்திருந்தால், 92ஐ மடித்துப் பையில் வைத்துவிட்டு 86ஐ மட்டும் முழங்கியிருப்பான். அந்த வித்தை தெரிந்தவர்கள் நம் மேடைகளிலும் உண்டு! வீட்டில் மருந்துண்டவரால் குடும்பத்தார்க்குத் தொற்று மிகுமோ என்ற அச்சத்தையும் விட்டுவிடவில்லை. ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள், மிகவில்லை. உலகமே விடுதியை விட்டு வீட்டுச் சிகிச்சைக்குத் திரும்ப இந்தச் சென்னைக் கணக்கு பெருந்துணையாயிற்று.

குறை கூற ஒன்றுமில்லையா? உண்டு. ஆனால் குறை, அறிக்கையிலே குறைவு; அதைப் படித்தவர்களிடம் மிகுதி. மருந்து ஒழுங்காகச் சென்றால் எளிய உணவிலும் நோய் அடங்கும் என்றது அறிக்கை. "ஆகவே உணவைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்று கொண்டனர் பலர். உணவு நோய் வராமல் தடுக்குமா என்ற வினாவை அது கேட்கவேயில்லையே! அதைக் கேட்ட பெரிய ஆய்வு சார்க்கண்டிலே நடந்து, 2023ல் வெளிவந்தது. நோயாளியின் குடும்பத்தார் பத்தாயிரம் பேருக்கு மேல் அதில் இடம்பெற்றனர். கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ நூற்றுக்கு 40 குறைந்தது. இடையிலே கழிந்தவை 64 ஆண்டுகள்.

இன்னொன்று, நம்மவர்க்குச் சற்றுக் கசக்கும். 1955ல் ஆச்சாரியார் பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து நூல் எழுதினார். அரசோ ஊரெங்கும் ஊசி போட்டது. 1968ல் செங்கற்பட்டு வட்டாரத்தில் இலட்சக்கணக்கான மக்களிடையே அவ்வூசியைச் சோதித்தனர். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்ற முடிவு 1979, 80ல் வெளிவந்தது. ஆச்சாரியார் வென்றாரா? இல்லை. அவரிடம் இருந்தது கருத்து. அரசிடம் இருந்தது நம்பிக்கை. சோதனை பின்னால்தான் வந்தது. குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசத்தை அதே ஊசி தடுக்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் உள்ளன. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். சொன்னவர் நம் பகைவரா நண்பரா என்று பார்த்து ஊசியை எடைபோடுவோமானால், சாதகம் பார்ப்பவனை நகைக்க நமக்கு உரிமையில்லை.

சென்னை ஏழைகளின் மார்பிலிருந்து வந்த அறிவு ஆங்கிலத்திலே எழுதப்பட்டது, ஆங்கிலத்திலேயே தங்கிற்று. ஒரு வினா பற்றி உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு காக்ரேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அமைந்த அதன் கிளையினர், சில சுருக்கங்களைத் தமிழாக்கியது பாராட்டத்தக்க தொடக்கம். ஆயினும் பண்ணுருட்டிச் சந்தைக்குப் போகும் உழவரிடம் தமிழில் வந்து சேர்வது "மாத்திரையை நிறுத்தாதே" என்ற கட்டளை மட்டுமே. காரணம் அவருக்குச் சொல்லப்படுவதில்லை. காரணமில்லாத கட்டளை அவருக்குப் புதிதன்று. கோயிலிலும் அதைத்தானே கேட்டார்!

1959 அறிக்கையின் அட்டவணைகளை நானே தமிழாக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். "கிருமி அடங்கியது" என்று மேலே எழுதினேன். படிப்பவர் நோய் தீர்ந்தது என்றே கொள்ளக்கூடும். "குணமாயிற்று" என்று எழுதினாலோ, அறிக்கை சொல்லாததை நான் சொன்னதாகும். நல்ல சொல் அறிந்த தோழர்கள் எழுதி உதவுக.