ஓமந்தூரார்: எளிமைக்கு அடியில் புதைந்துபோன இரண்டு வருடம்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் கவர்னர் என்றால் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆட்சித் தலைவர். நம்ம நாட்டு கவர்னர் டெல்லியிலிருந்து நியமிக்கப்படுகிறவர். ஆகவே ஒரு அமெரிக்க கவர்னரின் வாழ்க்கை வரலாற்றுக்கு இணையாகத் தமிழில் ஏதாவது படிக்க வேண்டுமென்றால் ராஜ்பவன் பக்கம் போகக்கூடாது, கோட்டைப் பக்கம் போக வேண்டும்.

அப்படிப் போய் நான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருப்பது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரைப் பற்றி. 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். (முதலமைச்சர் என்ற பதவிப்பெயர் அரசியல் சட்டம் வந்த பிறகுதான்.) சுதந்திரம் வந்த நாளில் இந்த மாகாணம் அவர் கையில் இருந்தது. பிறந்தது 1895-இல், திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில். அன்றைக்கு எங்கள் விருத்தாசலமும் அதே தென்னாற்காடு மாவட்டம்தான். பதவி போனபின் அவர் வள்ளலார் வழியில் பொதுப்பணி என்று தங்கிய வடலூர், இங்கிருந்து கடலூர் பஸ் ஏறினால் நெய்வேலி தாண்டி வருகிற ஊர். கிட்டத்தட்ட பக்கத்து வீட்டுக்காரர்.

அவரைப் பற்றி எழுதப்படுகிற கட்டுரைகள்தான் என் பிரச்சினை. பத்திரிகை, மேடை, வாட்ஸ்அப் எதுவானாலும் கதை ஒன்றே: விவசாயி, நேர்மையாளர், சிபாரிசுக்கு மசியாதவர், பதவியைத் துண்டு மாதிரி உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர். காமராஜர், கக்கன் பெயரைப் போட்டாலும் முக்கால்வாசி வரிகள் அப்படியே பொருந்தும்.

எங்கள் ஊர் செராமிக் பட்டறைகளில் பொம்மை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிளாஸ்டர் அச்சில் மண் கூழை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் ஒரு பொருக்கு கட்டும். மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். பொம்மை வெளியே லட்சணமாக இருக்கும், உள்ளே காலி. நம்ம தலைவர்களின் வாழ்க்கை வரலாறும் இப்படித்தான் வார்க்கப்படுகிறது.

கவிழ்த்து ஊற்றிய கூழில் என்னென்ன போயிற்று?

1939-இல் ராஜாஜி கொண்டுவந்த ஆலய நுழைவுச் சட்டம், கோயில் நிர்வாகிகள் இசைந்தால் திறக்கலாம் என்கிற அளவில் நின்றது. 1947-இல் ஓமந்தூரார் அரசின் சட்டம், கோயிலுக்குள் போவதை எல்லா இந்துக்களுக்கும் உரிமை ஆக்கியது. அதே வருடம் தேவதாசி ஒழிப்புச் சட்டம். முத்துலட்சுமி ரெட்டி 1930-லேயே மசோதா கொடுத்துக் கிடப்பில் கிடந்த விஷயம். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். அதே ஆண்டு அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. பாரதி பாடல்களின் உரிமை அரசுக்கு வந்து பொதுச் சொத்தாக வழி பிறந்ததும் இவர் ஆட்சியில்தான்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1947 நவம்பர் வகுப்புவாரி அரசாணை. 14 இடங்களைப் பிரித்ததில் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு முதன்முறையாகத் தனியாக 2 இடம். பிராமணரல்லாத மற்ற இந்துக்களுக்கு 6, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறித்தவர் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த விகிதம் கல்லூரிச் சேர்க்கைக்கும் போய், அதை எதிர்த்துத்தான் செண்பகம் துரைராஜன் வழக்கு. 1951-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ய, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் 15(4) வந்தது. இன்றைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைகள் கவுன்சலிங் போகிற பாதையில் அந்த அரசாணையின் தடம் இருக்கிறது. கட்சிக்குள் அவருக்கு எதிரிகள் கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம். காமராஜர் ஆதரவோடு வந்தவர், உட்கட்சி எதிர்ப்பு முற்றித்தான் 1949-இல் வெளியேறினார். 'துண்டை உதறினார்' என்று சொல்லும்போது இந்தச் சண்டை மொத்தமும் மறைந்துவிடுகிறது.

இனி அடுத்த பக்கம். 1948 மார்ச்சில் திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டதும் இதே அரசு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, அதே வருடம் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் இதே அரசு. பெரியாரும் அண்ணாவும் கைதானார்கள். ஜமீன் ஒழிப்பும் ஜமீன்தாரைத்தான் நீக்கியது, அதுவும் இழப்பீடு கொடுத்து. ரயத்துவாரி கிராமங்களில் பெரிய பட்டாதாருக்கும் அவர் வயலில் கூலிக்குப் போனவருக்கும் நடுவே அந்தச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. ஆண்டவரே விவசாயக் குடும்பம் என்பதால், அவர் பார்வையில் 'விவசாயி' என்பது யார் என்ற கேள்வியை ஒரு நல்ல வரலாறு கேட்டே ஆக வேண்டும்.

அமெரிக்க உதாரணம் ஒன்று. ஏர்ல் வாரன் 1943 முதல் 1953 வரை கலிஃபோர்னியா கவர்னர்; ஓமந்தூராரின் சமகாலத்தவர். 1946-இல் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டின் உட்கட்சித் தேர்தலிலும் ஜெயித்த மனிதர். பிறகு தலைமை நீதிபதியாகி, 1954-இல் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளுக்குத் தனித்தனிப் பள்ளி கூடாது என்று தீர்ப்புச் சொன்னவர். ஆனால் 1942-இல், மாநில அட்டர்னி ஜெனரலாக, ஜப்பானிய அமெரிக்கர்களை வீட்டைவிட்டு வெளியேற்றி முகாமில் அடைப்பதற்கு முன்னின்று குரல் கொடுத்தவரும் அவரே. அங்கே அவரைப் பற்றிக் கொஞ்சம் பொறுப்பாக எழுதுகிற எவரும் 1942-ஐத் தாண்டாமல் 1954-க்கு வர முடியாது. அதனால் அவர் சிறுத்துப் போகவில்லை.

'அதெல்லாம் சரிங்க, இந்தக் காலத்தில் நேர்மை என்ன சின்ன விஷயமா?' என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் நான் மென்பொருள் ஆள். பழைய ப்ராஜெக்ட் ஒன்று கைக்கு வந்தால், முன்னால் இருந்தவர் ரொம்ப நல்ல மனுஷன் என்று டீம் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன். அப்புறம் கமிட் லாகைத்தான் திறப்பேன். கை சுத்தமா என்பது ஒரு கேள்வி. அந்தக் கை எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டது, யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியோடு நிறுத்திப் பழகிவிட்டால், எளிமையாக வேஷம் கட்டத் தெரிந்த எவரும் நம்மிடம் பாஸ் மார்க் வாங்கிவிடுவார்.

சென்னையில் அவர் பெயரை வைத்து ஒரு தோட்டம் இருக்கிறது. சட்டசபைக்கென்று கட்டி 2010-இல் திறந்த கட்டடம் அங்கேதான் இருக்கிறது, இப்போது ஆஸ்பத்திரி. கட்டடத்தைப் பற்றி நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி நடந்ததில்லை. அவர் இறந்தது 1970 ஆகஸ்ட் 25. அடுத்த ஆகஸ்டில் யாராவது அவரைப் பற்றி எழுதினால், வேட்டி துண்டைப் பற்றி ஒரு பத்தி போதும். மிச்ச இடத்தை அந்த 14 இடங்களுக்கும் 1948-இல் ஜெயிலுக்குப் போனவர்களுக்கும் கொடுங்கள்.