கண் இல்லாத மாணவன்

ஒரு வரி தட்டினால் படம் வந்து விழுகிற காலத்தில் ஹரால்ட் கோஹனைப் பற்றி எழுதினால், 'ஏஐ ஓவியத்தின் முன்னோடி' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அந்தப் பட்டம் ஒட்டவில்லை. இன்றைய படக்கருவிகள் ஊரார் வரைந்ததையும் எடுத்ததையும் தின்று வளர்ந்தவை. கோஹனின் ஆரோன் என்கிற நிரல் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் அவர் நாற்பது வருஷத்துக்கு மேலாக வரிவரியாக எழுதிக்கொடுத்ததுதான். ஆரோன் ஓவியனா இல்லையா என்ற சண்டையை ஓரமாக வைத்துவிட்டு, அதை ஒரு மாணவனாக நினைத்துப் பாருங்கள். படங்களே வேறு மாதிரித் தெரியும்.

1966 வெனிஸ் பியனாலேயில் பிரிட்டன் சார்பில் பங்கேற்ற ஓவியர்களில் கோஹனும் ஒருவர். 1968இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக்குக் கற்பிக்கப் போனார். அங்கே நடந்தது தலைகீழ். இசைத்துறை மாணவர் ஜெஃப் ராஸ்கின், பின்னாளில் ஆப்பிளில் மேகிண்டாஷ் திட்டத்தைத் தொடங்கியவர், இவருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தார். நாற்பது வயதில், நல்ல பெயரோடு இருக்கிறவர் மாணவன் முன்னால் போய் உட்கார்வது சும்மா இல்லை.

1973இல் கிழக்குக் கலிபோர்னியாவின் சால்ஃபண்ட் பள்ளத்தாக்கில், பூர்வகுடிகள் பாறையில் செதுக்கிய உருவங்களைப் பார்த்தார். செதுக்கியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் 'இது ஏதோ சொல்லுது' என்று மனசு பிடித்துக்கொள்கிறது. அப்படியென்றால் வெறும் கீறல்கள் படமாக மாறக் குறைந்தபட்சம் என்ன வேண்டும்? ஆரோனின் ஆரம்பப் பாடங்கள் இந்தக் கேள்வியைச் சுற்றியே வந்தன. எது மூடிய வடிவம், எது திறந்தது. எது உள்ளே, எது வெளியே. ஏற்கெனவே வரைந்ததன் மேல் போய் மோதாதே. கோடுகூட அளவுகோல் வைத்து இழுத்ததல்ல. சேரவேண்டிய இடத்தை நோக்கிப் போகும், கொஞ்சம் விலகும், திருத்திக்கொள்ளும். நம்ம கையும் அப்படித்தானே போகிறது!

எழுபதுகளின் அந்தப் படங்களில் கூழாங்கல் மாதிரி வடிவங்கள், அரைகுறை வளைவுகள், நெளிகோடுகள். பார்ப்பவர் மீன் என்பார், மேகம் என்பார். ஆரோனுக்கு மீனும் தெரியாது, மேகமும் தெரியாது. அர்த்தம் முழுக்க நாம் கொண்டுபோவது. ஆரோனின் உச்சங்களில் ஒன்று இது என்பேன்.

எண்பதுகளில் பாடத்திட்டம் மாறியது. உடலில் எந்த உறுப்பு எங்கே சேரும், எவ்வளவு மடங்கும், செடியில் கிளை எப்படிப் பிரியும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். செடிகளுக்கு நடுவே ஆட்கள் நிற்கும் படங்கள் வந்தன. இவற்றைப் பார்த்தால் எனக்குப் பாடம் ஒப்பிக்கிற பையன் ஞாபகம்தான் வருகிறது. தப்பே இல்லை, ஆனால் கை வெறும் கையாகவே இருக்கிறது. 1995இல் பாஸ்டன் கணினி அருங்காட்சியகத்தில் ஓர் இயந்திரம் தானே சாயம் கலந்து நிறம் தீட்டிக் காட்டியது. கூட்டம் படத்தை விட்டுவிட்டு இயந்திரத்தை வேடிக்கை பார்த்தது. கோஹனுக்கு அது ரசிக்கவில்லை. பிற்பாடு பிரிண்டருக்கு மாறிவிட்டார்.

நிறத்தில்தான் விஷயம் சிக்கியது. நிறம் அவருக்குக் கைவந்த சமாச்சாரம். ஆனால் அந்தத் தேர்ச்சியை விதியாக எழுதப் போனால் வார்த்தை வரவில்லை. ஓவியர் ஒரு நிறத்தை வைப்பார், பார்ப்பார், பக்கத்து நிறத்தை மாற்றுவார். 'கொஞ்சம் தள்ளி நின்னு பாரு' என்று எந்த ஓவிய வாத்தியாரும் சொல்வதை இந்த மாணவனிடம் சொல்ல முடியாது. அவனுக்குக் கண்ணே இல்லை. பல வருஷம் மல்லுக்கட்டிய பிறகு, மாணவனிடம் இருக்கிற பலத்திலிருந்து தொடங்கினார். ஒரு முழுப் படத்தின் நிறத்திட்டத்தையும் மனிதனால் துல்லியமாக மனதில் வைத்திருக்க முடியாது. நிரலால் முடியும். சிவப்பா நீலமா என்பதைவிட எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதே படத்தைத் தாங்குகிறது என்று கண்டு, அங்கிருந்து விதிகளைக் கட்டினார். தன் கண் இத்தனை காலம் என்ன செய்தது என்று அவர் தனக்கே சொல்லிக்கொள்ள நேர்ந்த இடம் இது. இன்றைய கருவிகளும் நிறத்தைப் பிரமாதமாகத்தான் போடுகின்றன. அதற்காக யாரும் எதையும் யோசித்து வாக்கியமாக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

கோஹன் 2016இல் இறந்தார். செத்த பிறகும் புதுப் படங்களோடு கண்காட்சி வைக்கப்போகும் முதல் ஓவியன் நான்தான் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2024இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் வரைகருவிகள் ஆரோனின் கோடுகளைப் பார்வையாளர்கள் முன்னாலேயே வரைந்தன. ஆனால் கடைசி வருஷங்களில் கோஹன் வேறொன்று செய்துகொண்டிருந்தார். ஆரோன் வரைந்த கோடுகளுக்குப் பெரிய தொடுதிரையில் தன் விரலாலேயே நிறம் போட்டார். அத்தனை பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த நிற வேலையை மாணவனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார் என்று இதைப் பின்வாங்கலாகவும் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தொண்ணூறுகளின் ஆட்களையும் செடிகளையும்விட இந்தக் கடைசிப் படங்களில்தான் இருவரும் ஒரே தாளில் வேலை செய்வது தெரிகிறது. கோஹனைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் இவற்றிலிருந்து தொடங்கி, அப்படியே எழுபதுகளின் கோட்டுப்படங்களுக்குத் தாவலாம். நடுவில் இருப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.