ஸன்ஹூரீ: சட்டம் முந்தியது, ஆய்வு பிந்தியது

நவீன அரபுலகின் சிவில் சட்டங்களைப் பற்றிப் பேசுவோர் அப்துர் ரஸ்ஸாக் அஸ்ஸன்ஹூரீயை (1895–1971) விட்டுவிட்டுப் பேச இயலாது. அலெக்சாந்திரியாவில் பிறந்து, பிரான்சின் லியோன் நகரில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், கெய்ரோவில் சட்டப் பேராசிரியராகவும் சட்டபீடத் தலைவராகவும், பின்னர் கல்வி அமைச்சராகவும், 1949 முதல் 1954 வரை ‘மஜ்லிஸுத் தவ்லா’ எனும் உயர் நிர்வாக நீதி அமைப்பின் தலைவராகவும் விளங்கினார். எகிப்தின் 1948ஆம் ஆண்டுச் சிவில் சட்டமும், ஈராக்கின் 1951ஆம் ஆண்டுச் சிவில் சட்டமும் அன்னாரின் பேருழைப்பில் உருவானவை. அவரைப் புகழ்வோரும் குறை கூறுவோரும் பெரும்பாலும் இச்சட்டங்களையே நோக்குகின்றனர். அவரது நூல்களையும் உடன்வைத்து நோக்கினாலன்றி நீதியான மதிப்பீடு கிட்டாது என்பதே நமது கருத்து.

கிலாபத் குறித்து 1926இல் வெளியான தமது ஆய்வேட்டிலேயே அவர் ஒரு வழிமுறையை வகுத்தார். இஸ்லாமிய ஃபிக்ஹை முதலில் ஒப்பியல் நோக்கில் முறையாக ஆராய வேண்டும். அந்த ஆய்வு கனிந்த பின்னரே சட்டமியற்றும் கட்டம் வர வேண்டும் என்பது அதன் சாரம். ஆயின், அரசுப் பணி இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. சட்டம் 1948இல் நிறைவேறியது. அதற்கு அடித்தளமாக இருந்திருக்க வேண்டிய ‘மஸாதிருல் ஹக்’ எனும் ஆறு பாக நூலோ 1954க்கும் 1959க்கும் இடையிலேதான் வெளிவந்தது.

இதன் விளைவைச் சட்டத்திலேயே காண்கிறோம். எகிப்தியச் சட்டத்தின் முதல் பிரிவு, சட்ட வாசகத்திற்கும் வழக்காற்றிற்கும் அடுத்த மூன்றாம் இடத்தையே ஷரீஆவின் கோட்பாடுகளுக்கு அளிக்கிறது. 226, 227ஆம் பிரிவுகள் வட்டியை அனுமதித்து, ஒப்பந்த வட்டிக்கு ஏழு விழுக்காடு என உச்சவரம்பு விதிக்கின்றன. 232ஆம் பிரிவு கூட்டு வட்டியைத் தடுக்கிறது. மொத்த வட்டி அசலை மிஞ்சலாகாது என்றும் கூறுகிறது. பன்மடங்காகப் பெருகும் வட்டியைக் கண்டிக்கும் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 130ஆம் வசனம் இங்கு நம் நினைவுக்கு வருகிறது.

பின்னர் ‘மஸாதிருல் ஹக்’ நூலில் ரிபாவை ஆராயும் அவர், ஜாஹிலிய்யாக் கால ரிபாவே தன்னளவில் ஹராமானது என்றும், ஏனையவை தீமைக்கு வழியாகும் என்பதால் தடுக்கப்பட்டவை, எனவே தேவை ஏற்படின் அனுமதிக்கப்படலாம் என்றும் வாதிக்கிறார். முதலாளித்துவப் பொருளாதாரமே அத்தேவையைத் தோற்றுவிக்கிறது. அது மாறினால் தேவையும் நீங்கும் என்கிறார். ஆய்வு சட்டத்தைத் தீர்மானித்ததா, ஏற்கெனவே இயற்றிய சட்டம் ஆய்வை வழிநடத்தியதா என்ற வினா இங்கு தவிர்க்கவியலாதது. இரண்டாவதற்கே இடமதிகம் என நாம் கருதுகிறோம்.

எனினும், இந்த ஒரு விவகாரத்தைக் கொண்டு நூல் முழுவதையும் ஒதுக்குவது அறிவுடைமையன்று. ஸரக்ஸீ, காஸானீ போன்ற இமாம்களின் வாசகங்களை நீளமாக எடுத்தாண்டு, மத்ஹபுகளை அருகருகே நிறுத்தி, மேலைச் சட்டத்துடன் வலிந்து ஒற்றுமை காட்டாமல், வேறுபாடுகளை வேறுபாடுகளாகவே விட்டுவிடும் நேர்மை அதில் உண்டு. ‘மஜ்லிஸுல் அக்து’ எனும் ஒப்பந்த அமர்வு பற்றிய பகுதி இதற்குச் சிறந்த சான்று.

1954 மார்ச்சில் ஒரு கும்பல் மஜ்லிஸுத் தவ்லாவினுள் புகுந்து அவரைத் தாக்கியது. அதன்பின் அரசுப் பதவிகள் அவருக்கு மூடப்பட்டன. ‘மஸாதிருல் ஹக்’ முழுமை பெற்றதும், 1952இல் தொடங்கிய ‘அல்வஸீத்’ 1970இல் பத்துப் பாகங்களாக நிறைவுற்றதும் அத்தனிமையில்தான். பதவி அவருக்குச் சட்டமியற்றும் ஆற்றலைத் தந்தது. ஆய்வுக்குரிய அவகாசத்தைத் தந்ததோ பதவியிழப்பு. அவரது சட்டங்களை ஷரீஆவின் இறுதி வடிவமாகக் கொள்வதற்கில்லை. 1926இல் அவரே வகுத்த வரிசைப்படி, ஆய்விலிருந்து அப்பணியை மீண்டும் தொடங்குவதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.