ஆட வந்தவன் ஆடாமப் போறான்: 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' பற்றி ஒரு தாமதமான குறிப்பு

'சுடானி ஃப்ரம் நைஜீரியா' 2018 மார்ச்சில் வந்த மலையாளப் படம். அதைப் பத்தி எழுத வேண்டியதையெல்லாம் அப்பவே எல்லாரும் எழுதிட்டாங்க. நானும் அப்போ பார்த்துட்டு, நல்ல படம்னு நாலு பேர்கிட்ட சொல்லிட்டு விட்டுட்டேன். இப்போ திரும்ப எடுத்ததுக்குக் காரணம் என் அக்கா மகன்.

அக்கா வீடு திருச்சுழிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். கரிசக்காடு. மழை இருந்தா சோளம், குதிரைவாலி, மல்லி. இல்லாட்டி சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு கரி எடுக்கிறது. மாசியிலிருந்து கண்மாய் காஞ்சு கிடக்கும், அதான் பிள்ளைகளுக்கு மைதானம். எங்க பக்கம் கபடியும் வாலிபாலும்தான் பெருசு. இவன் மட்டும் பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியார் ஒருத்தர் புண்ணியத்துல கால்பந்துக்குப் போயிட்டான். நல்லாவே ஆடுவான். கல்லூரியில ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல இடம் கிடைச்சது அதை வச்சுத்தான்.

போன சித்திரையில ஊருக்குப் போனப்போ போனை நீட்டினான். அமெரிக்காவுல ஒரு கிளப், 'ட்ரையல்' அழைப்புக் கடிதம், தலைப்புல கழுகு படம், கீழே கையெழுத்து. விசாவுக்கு உதவி, தங்க இடம், மூணு நாள் தேர்வு, எல்லாம் சேர்த்து ஒன்னே முக்கால் லட்சம். முன்பணம் நாற்பதாயிரம். "மாமா, இது நெசமான்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னான். கேட்டது சரிதான். ஆனா அக்கா ஏற்கனவே சங்கிலியை அடகு வச்சு முன்பணத்தை அனுப்பியாச்சு. அதை அவன் சொல்லல, அக்காதான் ராத்திரி சோறு போடுறப்போ சொன்னா.

ஏமாந்துட்டாங்கன்னு சுலபமாச் சொல்லிடலாம். ஆனா எங்க பக்கம் ஒரு தெருவுக்கு ரெண்டு பேராவது மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ போயிருப்பாங்க. ஏஜென்ட், விசாவுக்குப் பணம், நகை அடகு, ஒரு கடிதம், அப்புறம் விமானம். இந்த வரிசை அக்காவுக்குப் பழக்கமானது, அது நடந்து வீடு கட்டினவங்களை அவ பார்த்திருக்கா. கால்பந்து ட்ரையல் கடிதத்தையும் அவ அந்த வரிசையில வச்சுத்தான் வாசிச்சா. அதுல என்ன தப்பு?

தப்பு வேற இடத்துல. வளைகுடாவுக்குப் போற ஆளுக்கு அங்கே வேலை ஒன்னு காத்திருக்கு. ட்ரையலுக்குப் போறவனுக்கு அப்படி எதுவும் இல்லை. நான் ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததைச் சுருக்கமாச் சொல்றேன். அமெரிக்காவின் மேல்நிலை லீக்கான எம்.எல்.எஸ்.ஸில் ஒரு அணிக்கு அடிப்படையில் எட்டு வெளிநாட்டு இடம். அந்த இடங்களை அணிகள் தங்களுக்குள்ளே வாங்கி விற்கவும் செய்யும். அது தென் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏற்கனவே பெயர் எடுத்தவங்களுக்குப் போகும். கீழ்நிலை அணிகள் பலவும் கட்டணம் வாங்கிட்டு 'திறந்த தேர்வு' நடத்துது, காசு கட்டினா யாரும் போய் ஓடலாம். அப்படி ஒரு தேர்வுக்கு வர்ற அழைப்புக் கடிதம் ரசீதுக்கு மேல ஒன்னும் இல்லை. தேறினாலும் சம்பளத்துக்கு ஆடணும்னா பி-1 என்கிற விளையாட்டு வீரர் விசா வேணும். அதுக்கு அங்கே இருக்கிற அணியோ முகவரோதான் மனு போட முடியும், ஆட்டக்காரன் தானாப் போட முடியாது. சர்வதேச அளவுல அறியப்பட்டவர்னு காட்டவும் வேணும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே உண்மையிலேயே திறந்திருக்கிற வாசல்னா கல்லூரி உதவித்தொகைதான்.

இந்திய அணியின் கேப்டனா இருந்த சுனில் சேத்ரிக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா? 2010-ல் கன்சாஸ் சிட்டி விசார்ட்ஸ் அணிக்குப் போனார். கோப்பைப் போட்டி ஒன்னுல இறங்கினார், மான்செஸ்டர் யுனைடெட் கூட நடந்த நட்பு ஆட்டத்துல மாற்று ஆட்டக்காரரா வந்தார். லீக்ல ஒரு ஆட்டம்கூட இல்லாம ஊர் திரும்பினார். சேத்ரிக்கே அந்தக் கதின்னா கண்மாயில ஆடுறவனுக்கு நான் என்ன சொல்ல?

சொன்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான். சமாதானமா இருக்கட்டும்னு அன்னைக்கு ராத்திரி லேப்டாப்ல இந்தப் படத்தைப் போட்டேன். வெளிநாட்டுல ஆடப் போறவன் கதைதானே, பார்க்கட்டும்னு ஒரு எண்ணம். கொஞ்சம் பாடம் நடத்துற எண்ணமும்தான்.

பார்க்காதவங்களுக்கு: மலப்புறத்தில் மஜீத் (சௌபின் ஷாஹிர்) ஒரு செவன்ஸ் அணியின் மேனேஜர். செவன்ஸ்னா பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற கால்பந்து. அறுவடை முடிஞ்ச வயல்ல மூங்கில் காலரி கட்டி, விளக்குப் போட்டு, டிக்கெட் வச்சு, மழைக்காலம் வர்ற வரைக்கும் ஆட்டம் நடக்கும். நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட், லைபீரியாவிலிருந்து ஆட்டக்காரர்கள் வருவாங்க. ஊர்க்காரங்க எல்லாரையும் 'சுடானி'ம்பாங்க. அப்படி வந்த சாமுவேலுக்கு (சாமுவேல் அபியோலா ராபின்சன்) கால்ல அடிபடுது. ஆஸ்பத்திரிச் செலவு தாங்காம மஜீத் அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுவர்றான். மஜீதின் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் மொழி தெரியாமலே அவனைப் பார்த்துக்கிறாங்க. பாஸ்போர்ட் தொலையுது, அது போலின்னும் தெரியவருது. சாமுவேலின் பாட்டி ஊர்ல செத்துப்போறாங்க. கடைசியில அவன் ஊர் திரும்புறான்.

இயக்குநர் ஜகரியாவுக்கு முதல் படம். தேசிய விருது, மாநில விருதுன்னு வாங்கினது நியாயமே. சாவித்திரி ஸ்ரீதரனும் சரசா பாலுச்சேரியும் அந்த ரெண்டு அம்மாக்களா நடிக்கலை, இருக்காங்க. என் அக்கா தமிழ் வசனம் இல்லாமலே அவங்களைப் புரிஞ்சுக்கிட்டா. "நம்ம சித்தி மாதிரியே பேசுதே"ன்னா ஒரு இடத்துல.

மேனேஜர் என்கிற ஆளை இந்தப் படம் சரியாக் காட்டுது. மஜீத் முதலாளி இல்லை. கையில காசு இல்லை, பெண் பார்க்கப் போனா தரமாட்டேங்கிறாங்க, அணி மேல உள்ள கிறுக்குல ஓடிக்கிட்டிருக்கான். ஆளைக் கொண்டுவர்றவனும் ஏழையா இருக்கலாம் என்பதை இவ்வளவு பொறுமையாச் சொன்ன விளையாட்டுப் படம் எனக்கு வேற தெரியலை. டிஸ்னியின் 'மில்லியன் டாலர் ஆர்ம்' (2014) இதுக்கு நேர் எதிர். 2008-ல் இந்தியாவில் பேஸ்பால் எறிய ஆள் தேடி ஒரு போட்டி நடத்தி, உத்தரப்பிரதேசத்து ரிங்கு சிங்கையும் தினேஷ் பட்டேலையும் கூட்டிப்போய், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தம் வாங்கிக்கொடுத்த அமெரிக்க ஏஜென்ட்டின் கதை. நம்ம ரஹ்மான் இசைதான். படம் முழுக்க அந்த ஏஜென்ட் திருந்தி நல்ல மனுஷன் ஆகிறான், பையன்கள் அதுக்கு உதவுறாங்க. ஒப்பந்தத்தோட படம் முடியுது. நடந்தது அதோட முடியலை. பட்டேலை 2010-லயே அணி விட்டுடுச்சு. படம் வந்தப்போ ரிங்கு காயத்தால ஆடாம இருந்தார். பெரிய லீக் வரைக்கும் போகவே இல்லை. 2018-ல் மல்யுத்தக் காட்சிகள் நடத்துற டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சேர்ந்தார்.

இந்த ஒப்பீட்டுல சுடானி எங்கேயோ உயரத்துல நிக்குதுன்னுதான் பல வருஷமா நினைச்சிருந்தேன். அன்னைக்கு மருமகன் கேட்ட கேள்வி அதைக் கொஞ்சம் ஆட்டிடுச்சு.

படம் முடிஞ்சது. விமான நிலையத்துல மஜீதும் சாமுவேலும் ஆட்டம் முடிஞ்ச ஆட்டக்காரங்க மாதிரி சட்டையை மாத்திக்கிற இடத்துல அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டா. இவன் சொன்னான்: "ஆட வந்தவன் ஆடாமப் போறான். இது எப்படி மாமா நல்ல முடிவு?"

பாட்டி செத்துட்டாங்க, தங்கச்சிங்க தனியா இருக்காங்க, போகத்தானே வேணும்னேன். "போகட்டும். அப்புறம் ஆடினானா இல்லையான்னு யாராச்சும் கேட்டாங்களா?"ன்னான்.

கேட்கலை. திரும்ப ஓட்டிப் பார்த்தேன். சாமுவேல் ஆடுறது தொடக்கத்துல கொஞ்சம். அப்புறம் முழுக்கக் கட்டில். ஒரு ஆட்டக்காரனைப் படம் நோயாளி ஆக்கினப்புறம்தான் நேசிக்க ஆரம்பிக்குது. அவனோட உடம்புதான் அவனோட தொழில். அந்தக் கால் பழையபடி ஆகுமா என்கிற பயம் எவ்வளவு பெரிசா இருந்திருக்கும்? படம் அதுக்கு ஒதுக்குற நேரம் குறைவு. மஜீதுக்கும் அவனோட மாற்றாந்தகப்பனுக்கும் உள்ள மௌனம் உடையணும், அம்மா மனசு குளிரணும், அதுதான் கதையின் உண்மையான வேலை. சாமுவேல் அதுக்கு வந்த விருந்தாளி. மில்லியன் டாலர் ஆர்ம்ல ஏஜென்ட் திருந்துறான், இங்கே மேனேஜர் திருந்துறான். செய்நேர்த்தியிலும் அன்பிலும் ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆனா ரெண்டு கேமராவும் கூட்டி வந்தவன் பக்கம்தான் நிக்குது.

போலி பாஸ்போர்ட் விஷயத்தை ஒரு எதிர்வாதமா வைக்கலாம். சாமுவேல் தன் கடந்த காலத்தைச் சொல்ற அந்தப் பகுதி படத்தின் முதுகெலும்புன்னு நினைக்கிறவங்க உண்டு. எனக்கு அது பாதி ஒப்புதல். காகிதம் இல்லாதவன் எப்படி ஒரு ஊர்ல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வாழ்றான்னு அது சொல்லுது. ஆனா அவன் துயரத்துக்கான காரணமெல்லாம் ஆப்பிரிக்காவிலேயே இருந்துடுது. அடிபட்டா ஆஸ்பத்திரிச் செலவு யாருது, கூட்டி வந்தவனுக்கு என்ன பொறுப்பு, இந்தக் கேள்விகள் செவன்ஸ் களத்தைச் சேர்ந்தது. அதைப் படம் மஜீதின் நல்ல மனசை வச்சே தீர்த்துக்குது. மனசு நல்லா இல்லாத மேனேஜர்கிட்ட மாட்டினவன் என்ன பண்ணுவான்?

படத்துக்கு வெளியே நடந்ததையும் சேர்த்துப் பார்க்கணும். படம் வெளியாகி சில நாள்லயே நடிகர் ராபின்சன், தனக்குக் கொடுத்த சம்பளம் குறைவு, நிறம்தான் காரணம்னு வெளிப்படையா எழுதினார். தயாரிப்பாளர்கள் ஒப்பந்தப்படிதான் கொடுத்தோம்னாங்க. பிறகு பேசி, பணம் கொடுத்து, அவரும் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார். 2024 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் அரீக்கோடு பக்கத்துல ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரர் ஒருத்தரைக் கூட்டம் துரத்தி அடிச்சது. நிறத்தைச் சொல்லித் திட்டினாங்கன்னு அவர் போலீஸ்ல புகார் கொடுத்தார். அன்பான ஊர்னு படம் காட்டினது பொய்னு நான் சொல்ல வரலை. அந்த அம்மாக்கள் உண்மை. காலரியில உட்கார்ந்திருந்தவங்களும் உண்மை.

இதுல ஒரு வேடிக்கை. நாம அமெரிக்க வாசல்ல நிக்கிறோம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம், நம்ம வாசல்லயும் எத்தனையோ வருஷமா ஆள் நிக்குது. ஈரானிலிருந்து அலிகருக்குப் படிக்க வந்த மஜித் பிஷ்கர் 1980-ல் ஈஸ்ட் பெங்கால்ல ஆடினார். நைஜீரியாவிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் படிக்க வந்த சீமா ஒகோரி கல்கத்தாவின் மூணு பெரிய கிளப்புக்கும் ஆடிக் கோலாக் குவிச்சார். படிப்பு விசாவுல வந்து பந்தால நின்னவங்க. அமெரிக்கக் கல்லூரிகள் இன்னைக்கு வச்சிருக்கிற வாசல் கிட்டத்தட்ட இதேதான். அவங்க கதையை அவங்க பக்கம் நின்னு யாராவது படமா எடுத்தா முதல் நாள் போய் உட்காருவேன்.

இதையெல்லாம் மருமகன்கிட்ட சொன்னப்போ அவனுக்குச் சுவாரசியம் இல்லை. "அப்ப நாற்பதாயிரம் போனது போனதுதானா மாமா?"ன்னான். நாலஞ்சு மெயில் போட்டுப் பார்த்தோம். பதில் இல்லை, போன் நம்பரும் கொஞ்ச நாள்ல செத்துப்போச்சு. சைபர் குற்றத்துக்கான 1930 எண்ணுல புகார் பதிஞ்சிருக்கோம். சங்கிலி இன்னும் அடகுலதான்.

போன மாசம் அவனே ஒரு நண்பன் மூலமாப் பேசி, பாலக்காட்டுப் பக்கம் ஒரு செவன்ஸ் ஆட்டத்துக்குப் போனான். ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு கூலி. எதிரணியில ரெண்டு ஆப்பிரிக்கர்கள் இருந்தாங்களாம், ஒருத்தன் கானா. "பேர் என்னன்னு கேட்டியா?"ன்னேன். கேட்டிருக்கான். பேரைச் சரியா உச்சரிக்க வரலைன்னு எனக்கு எழுதியே அனுப்பினான். மேனேஜர் எப்படின்னு கேட்டதுக்கு, "மஜீத் மாதிரியெல்லாம் இல்ல மாமா, ஒரு வார்த்தை பேசல. ஆனா ஆட்டம் முடிஞ்சதும் காசை எண்ணிக் குடுத்துட்டார்"ன்னான். அதுல ஆயிரத்தை அக்காகிட்ட அடகு வட்டிக்குக் கொடுத்திருக்கான்.