பாதியில் காணாமல் போகிறவள்

சென்ற மாதம் தங்கச்சியோடு உட்கார்ந்து ‘ஆல் அபௌட் ஈவ்’ பார்த்தேன். எனக்கு நான்காவது முறை, அவளுக்கு முதல் முறை. பெட்டி டேவிஸ் வரும் இடங்களில் நான் திரையைப் பார்க்காமல் தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்குப் பிடித்த படத்தை இன்னொருவருக்குக் காட்டும்போது அப்படித்தானே செய்வோம். படம் முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அந்த வேலைக்கார அம்மா எங்க போனாங்க? திரும்ப வரவே இல்லயே.”

என்னிடம் பதில் இல்லை. அதைவிட வெட்கம், அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. இந்தப் படத்தைப் பற்றி நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஒருமுறைகூட பேர்டி என்ற பெயரை நான் சொன்னதில்லை.

பேர்டியாக நடித்தவர் தெல்மா ரிட்டர். 1902-இல் புரூக்ளினில் பிறந்தவர். நடிப்புப் பள்ளியில் படித்து, சின்னச் சின்ன மேடைகளில் நடித்து, திருமணம், பிள்ளைகள் என்று ஒதுங்கி, பிறகு வானொலி நாடகங்களுக்குப் போனவர். சினிமாவில் முகம் காட்டியபோது வயது 45. 1947-இல் வந்த ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ படத்தில், கிறிஸ்துமஸ் கூட்டத்தில் பிள்ளைக்குப் பொம்மை தேடி அலைந்து களைத்த ஒரு தாய். பெயர்ப் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஆறு முறை சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை. அதில் 1950 முதல் 1953 வரை வந்த படங்களுக்குத் தொடர்ந்து நான்கு. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரிட்டரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இந்தக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள், பெரும்பாலும் அங்கேயே முடித்தும் விடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கைவிடத் தங்கச்சியின் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

தமிழில் இவர்களைக் குணச்சித்திர நடிகர்கள் என்கிறோம். நல்ல சொல். ‘துணை நடிகை’ என்றால் நம் காதில் கூட்டத்தில் நிற்பவர் என்றுதான் விழும். ஆனால் ரிட்டருக்கு ‘துணை’ என்பது வேறொரு வகையில் அப்படியே பொருந்துகிறது. அவர் ஏற்ற பாத்திரங்களைப் பாருங்கள். உடை மாற்றிவிடுபவள், சமையல்காரி, செவிலி, வீட்டு வேலை செய்பவள். எல்லாருமே இன்னொருவர் கொடுக்கும் சம்பளத்தில், இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் வாழ்க்கைக்குத் துணையாக நிற்பவர்கள். அந்த வீட்டில் உண்மையைச் சொல்வதும் அவர்கள் வேலையில் சேர்த்தி.

பேர்டிக்கு வருவோம். மேடை நட்சத்திரம் மார்கோவின் ஒப்பனை அறையில் ஈவ் என்ற இளம்பெண் தன் சோகக் கதையைச் சொல்கிறாள். நாடக ஆசிரியரும் அவர் மனைவியும் மார்கோவும் உருகிப் போகிறார்கள். பேர்டி மட்டும் ஒரு கிண்டல் அடிக்கிறாள். மார்கோ அதட்டியதும் மன்னிப்புக் கேட்கிறாள். அந்த மன்னிப்பை ரிட்டர் சொல்லும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சமும் பணிவு இல்லாமல், ஆனால் ஒரு சக கலைஞரின் மனசு நோகக் கூடாது என்ற உண்மையான அக்கறையோடு சொல்கிறார். பேர்டியும் மேடையில் ஆடிப்பாடிப் பிழைத்தவள்தான். பிறகு படுக்கையறைக் காட்சியில், ஈவ் உன்னைப் படிக்கிறாள், உன் நடையை, உன் பேச்சை என்று மார்கோவிடம் போட்டு உடைக்கிறாள். மற்றவர்கள் படத்தின் கடைசியில் கண்டுபிடிப்பதை இவள் முதல் அரைமணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறாள்.

விருந்துக் காட்சிக்குப் பிறகு ஆளைக் காணோம். வேலையை விட்டுப் போனாளா, செத்தாளா, ஒரு வரி விளக்கம் கிடையாது. இயக்குநர் மான்கிவிச் வசனத்தில் அவ்வளவு கறாரான ஆள், மறந்திருக்க மாட்டார். எனக்குத் தோன்றுவது இதுதான்: ஈவை அடையாளம் காட்ட ஒருத்தி தேவை, ஆனால் அவள் வீட்டிலேயே இருந்தால் இரண்டாம் பாதி நடக்காது. அதனால் வெளியே அனுப்பியாயிற்று. நாங்களும் கவனிக்கவில்லை. ‘நாங்கள்’ என்று ஏன் பூசி மெழுக வேண்டும், நான் கவனிக்கவில்லை.

இதற்குப் பிறகு அவருடைய மற்ற படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ‘தி மிஸ்ஃபிட்ஸ்’ (1961) படத்தில் அவர் இசபெல். ரீனோ நகரில் விவாகரத்துக்கு வரும் பெண்களுக்கு அறை வாடகைக்கு விடுபவள். கிளார்க் கேபிள், மர்லின் மன்றோ, மான்ட்கோமரி கிளிஃப்ட் என்று எல்லாரும் தத்தம் துயரத்தில் மூழ்கிக் கிடக்க, இவள் ஒருத்திதான் ஒரு கையில் கட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். பாதியில் பழைய கணவன் புது மனைவியோடு ஊருக்கு வருகிறான் என்ற சாக்கில் அவளும் போய்விடுகிறாள். அதன் பிறகு படத்தில் சிரிப்பே இல்லை. ‘ரியர் விண்டோ’வின் ஸ்டெல்லா தப்பித்துக்கொண்டாள், கடைசிவரை இருக்கிறாள். ஆனால் ஜன்னல் வழியாக அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பது தப்பு என்று முதலில் புத்தி சொன்னவளும், பிறகு ஆர்வமாகச் சேர்ந்து பார்ப்பவளும் ஒரே ஸ்டெல்லாதான். அவளும் பார்க்க ஆரம்பித்ததால்தான் இருக்க விட்டார்களோ என்னவோ. ‘பில்லோ டாக்’ (1959) படத்துக்கும் ஒரு பரிந்துரை கிடைத்தது. எப்போதும் ஹேங்ஓவரில் திரியும் வேலைக்காரி. சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான்.

‘தி மேட்டிங் சீசன்’ (1951) நம்மில் அதிகம் பேர் பார்க்காத படம். நியூஜெர்சியில் ஹாம்பர்கர் கடை வைத்திருந்த தாய், கடை வங்கிக்குப் போனதும் மகனைத் தேடி வருகிறாள். மகன் கட்டியிருப்பது தூதர் ஒருவரின் மகளை. மருமகள் இவளை ஆள் அனுப்பும் நிறுவனம் அனுப்பிய சமையல்காரி என்று நினைத்துவிடுகிறாள். இவளும் மறுக்காமல் ஏப்ரனைக் கட்டிக்கொள்கிறாள். கதையே இவளுடையதுதான், ஆனாலும் பெயர்ப் பட்டியலில் மூன்று நட்சத்திரங்களுக்குப் பின்னால்தான் ரிட்டர். பரிந்துரையும் துணை நடிகைக்குத்தான். கதையில் தாய் சமையல்காரியாக நிற்கிறாள், கதைக்கு வெளியே கதாநாயகி துணை நடிகையாக நிற்கிறார். படம் தெரியாமல் தன்னைப் பற்றியே உண்மையைச் சொல்லிவிட்டது. மேடை இவ்வளவு கஞ்சத்தனம் காட்டவில்லை. 1958-இல் ‘நியூ கேர்ள் இன் டவுன்’ இசை நாடகத்துக்காகச் சிறந்த நடிகைக்கான டோனி விருதை க்வென் வெர்டனோடு பகிர்ந்துகொண்டார்.

இவளை அப்படியே விட்டுவிடாத இயக்குநர் ஒருவர்தான் என்பது என் கட்சி. சாமுவேல் ஃபுல்லர், ‘பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ (1953). இதில் ரிட்டர் மோ. டை விற்பவள், கூடவே போலீசுக்குத் துப்பும் விற்பவள். விலைவாசி ஏறினால் துப்பின் விலையும் ஏறும். அநாதைப் பிணங்களைப் புதைக்கும் மயானத்துக்குப் போய்விடக் கூடாது, சொந்தமாகக் குழி வேண்டும் என்று காசு சேர்க்கிறாள். இங்கேயும் எல்லாம் தெரிந்தவள் அவள்தான். ஆனால் இங்கே தெரிந்துகொள்வது எஜமானிக்குச் செய்யும் ஊழியம் இல்லை, அவளுடைய பிழைப்பு. அவள் காட்டிக்கொடுத்த ஜேப்படிக்காரன் ஸ்கிப்கூட அவளைக் கோபிப்பதில்லை. அவளும் சாப்பிட வேண்டுமல்லவா என்பது அவன் நியாயம்.

அந்த இரவுக் காட்சியை மூன்று நாளில் ஐந்தாறு முறை போட்டுப் பார்த்திருப்பேன். மோ அறைக்குத் திரும்புகிறாள். இசைத்தட்டைச் சுழல விடுகிறாள். உள்ளே துப்பாக்கியோடு ஒருவன். ஸ்கிப் எங்கே இருக்கிறான் என்று கேட்கிறான். வாழ்நாள் முழுக்க விற்றவள் இப்போது விற்க மறுக்கிறாள். ரிட்டர் இதை வீரமாக நடிக்கவில்லை. குரலை உயர்த்தவே இல்லை. ரொம்பக் களைத்துவிட்டேன், சுட்டால் நீ எனக்கு உதவிதான் செய்கிறாய் என்கிறாள். பிற படங்களில் நம்மைச் சிரிக்க வைத்த அதே கரகரத்த புரூக்ளின் குரல்தான், அதிலிருந்த கிண்டலை மட்டும் காணோம். அந்தக் கிண்டலுக்குப் பின்னால் இத்தனை வருடமும் இந்தக் களைப்பு இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. 34-ஆம் தெருக் கடையில் பொம்மை தேடிய தாயிலிருந்தே இருந்திருக்கிறது. கேமரா இசைத்தட்டுப் பக்கம் நகர்கிறது. பாட்டு முடிகிறது. வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது.

வேறு படமாக இருந்தால் இத்தோடு அவளை மறந்திருக்கும். ஃபுல்லர் மறக்கவில்லை. பெயரற்ற பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு படகு அநாதை மயானத்துக்குக் கிளம்புகிறது. ஸ்கிப் அதில் ஏறி, மோவின் பெட்டி எது என்று தேடி, இறக்கி எடுத்துக்கொண்டு போகிறான்.

தங்கச்சிக்கு இந்தப் படத்தை இன்னும் காட்டவில்லை. வரும் சனிக்கிழமை காட்டலாம் என்று இருக்கிறேன்.