தடித்த முன்சில்லு

மானிப்பாயில் ஒரு கராஜ் வாசலில் அண்மையில் நான் கேட்க நேர்ந்த வாதமொன்றை, அது இளமைக்குரிய ஆவேசத்தோடு சொல்லப்பட்டதாயினும் ஒரு கட்சியின் முழு நியாயமும் அதனுள் அடங்கியிருந்தமையால், இங்கே விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறேன். பஜாஜ் அவெஞ்சர் ஒன்றின் முன்சில்லிலிருந்து கம்பனி போட்டனுப்பிய 90/90-17 ரயரைக் கழற்றிவிட்டு, 110/90-17 ரயரை ஏற்றியிருந்த தம்பி ஒருவர், "ஐயா, பின்னுக்கு நூற்றிமுப்பது, முன்னுக்குத் தொண்ணூறு எண்டால் யானைக்கு ஆட்டுக்கால் வைச்ச மாதிரியெல்லே இருக்கு? இப்ப பாருங்கோ, றோட்டைப் பிடிச்சுக்கொண்டு கல்லுப்போல நிக்குது" என்றார். சுற்றி நின்றவர்களும் தலையசைத்தனர்.

அவர் பக்கத்து நியாயங்களை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பார்வைக்கு அந்த வண்டி இலட்சணமாகவே இருந்தது. காற்றுக் கொள்ளளவு கூடிய ரயர் சிறு பள்ளங்களின் அதிர்ச்சியை ஓரளவு விழுங்கிக்கொள்ளும் என்பதும் மெய். அன்றியும், பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய குடாநாட்டார், கிடைத்த ரயரைக் கிடைத்த றிம்மில் ஏற்றி ஓடியவர்களே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னரும் பலர் உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றினர். தேவை செய்வித்ததை நான் குறை சொல்லேன். நான் பேசவந்தது, நல்ல ரயரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யப்படும் அலங்காரத்தைப் பற்றி.

இந்த அலங்காரத்தின் பூர்வீகம் நமது ஊரன்று. 1990ஆம் ஆண்டில் ஹார்லி டேவிட்சன் கம்பனியார் ‘ஃபட் போய்’ என்ற வண்டியை முன்னும் பின்னும் பதினாறு அங்குலத் தகட்டுச் சில்லுகளோடு வெளியிட்டனர். மறு ஆண்டு ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நெகர் ‘டேர்மினேட்டர் 2’ படத்தில் அதன்மீதேறி வந்தார். அன்றுதொட்டு, முன்சில்லு பருத்திருத்தலே கனவண்டிக்கு அழகு என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. அந்த வண்டியைச் சமைத்தவர்கள், முன்சில்லின் பருமனைத் தீர்மானித்தபோதே அதைத் தாங்கும் ஃபோர்க்கையும், அதன் சாய்வையும், சட்டத்தையும் ஒருங்கே தீர்மானித்தார்கள் என்பதை மட்டும் சினிமா காட்டவில்லை.

இனி எனது ஆட்சேபணை. மட்காட் உரசுதல், றிம்மின் அகலத்துக்கு மிஞ்சிய ரயர் மின்குமிழ்போலப் பிதுங்கி நெளிதல், முன்சில்லிலிருந்து கணக்கெடுக்கும் ஸ்பீடோமீற்றர் அறுபது காட்டும்போது வண்டி ஏறக்குறைய அறுபத்துநான்கில் ஓடுதல் ஆகிய குற்றங்களைப் பலரும் அறிவர், கராஜ்காரரே சொல்லுவார். அறியப்படாதது, அல்லது அறிந்தும் அலட்சியம் செய்யப்படுவது, காண்டிலின் விஷயம்.

ரயரின் இலக்கத்தைக் கவனியுங்கள். முதல் எண் மில்லிமீற்றரில் அகலம். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை வீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆகவே தொண்ணூறு அகல ரயரின் சுவர் 81 மில்லிமீற்றர். நூற்றுப்பத்து அகலத்தின் சுவர் 99. அகலத்தை விரும்பி வாங்கியவர், தாம் கேளாத உயரத்தையும் கூடவே வாங்கிவிட்டார்: வண்டியின் மூக்கு 18 மில்லிமீற்றர் மேலெழுந்துவிட்டது. ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளச் சில்லிடைத் தூரத்தில் அது முக்காற் பாகையளவு சாய்வு மாற்றம். ஃபோர்க்கு ஏற்கனவே சாய்ந்து நீண்டிருக்கும் இவ்வகை வண்டியில் அது இன்னும் சாய்கிறது.

காண்டில் திரும்பும் அச்சை ஒரு கோடாகக் கீழே நீட்டினால், அது நிலத்தைத் தொடுமிடம், ரயர் நிலத்தைத் தொடுமிடத்துக்குச் சற்று முன்னே இருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆங்கிலேயர் ட்ரெயில் என்பர். (1842இல் தன் பெயரால் ஓர் அகராதி வழங்கப்பெற்ற ஊர் மானிப்பாய், டாக்டர் கிறீன் மேனாட்டு வைத்திய சாஸ்திரத்தையே தமிழில் போதித்த ஊர், ஆயினும் இந்தத் தூரத்துக்கு நம் கராஜ்களில் இன்றுவரை ஒரு சொல் இல்லை, "காண்டில் பாரமாய்க் கிடக்குது" என்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது.) ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சிறுசில்லு தன் அச்சுக்குப் பின்னே இழுபட்டு வந்து தானாக நேராகிக்கொள்வதற்கு இந்தத் தூரமே காரணம்; மோட்டார் சைக்கிள் நேர்வழியில் நிலைகுலையாதிருப்பதற்கும் இது பெருந்துணை. காண்டில் அச்சின் சாய்வு முப்பது பாகை என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தால், அந்தத் தம்பியின் வண்டியில் இத்தூரம் ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் கூடியிருக்க வேண்டும். அவர் கண்ட "கல்லுப்போல" என்ற ஸ்திரம் இதுதான். அது பொய்யன்று. கண்டி வீதியில், ஆனையிறவு வெளியில், எண்பதில் போகிறவனுக்கு அது சுகமாகவே இருக்கும்.

ஆனால் மானிப்பாயில் எண்பதில் போகிறவன் யார்? நமது வண்டிகள் ஆயுளில் பெரும்பகுதியைக் கழிப்பது, இரு பக்கமும் மதிலும் வேலியும் நெருக்க, திருப்பத்துக்குத் திருப்பம் செங்கோணமாக மடியும் ஒழுங்கைகளிலன்றோ? அங்கே பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் காண்டிலைத் திருப்பும்போது, வேகத்தில் நண்பனாயிருந்த அதே தூரம் பகைவனாகிறது. சாய்ந்த ஃபோர்க்கோடு சில்லுத் திரும்பத் திரும்ப வண்டியின் முன்பகுதி சிறிது தாழ்கிறது. தாழ்ந்ததும் பாரம் முழுவதும் அந்தப் பக்கமே காண்டிலை இழுக்கிறது. ட்ரெயில் கூடக்கூட அந்த இழுவையும் கூடுகிறது. நூற்றைம்பது கிலோவுக்கு மேற்பட்ட வண்டியில், பின்னால் தாயாரையும் மடியில் மரக்கறிப் பையையும் ஏற்றிக்கொண்டு சுதுமலைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் திரும்புகிறவனுக்கு இது கணிதமன்று, தோள்மூட்டு நோவு. அகலித்த ரயரோ வளைவில் நிலந்தொடும் இடத்தை இன்னும் உள்ளே தள்ளிவிடுவதால், அதே திருப்பத்துக்கு வண்டியை மேலும் சரிக்கவேண்டியும் வருகிறது. சரிந்த நிலையில் பயந்து முன்பிரேக்கைத் தொட்டாலோ அது நிமிர்ந்து நேரே மதிலை நோக்கிப் போகும்.

அந்தத் தம்பியின் அநுமதியோடு அவர் வண்டியை நானே ஓட்டிப் பார்த்தேன். பெருவீதியில் குற்றஞ்சொல்ல ஏதுமில்லை. முதலாவது ஒழுங்கைக்குள் இடப்புறம் மடக்கினேன். காண்டில் என் கையைக் கேளாமல் மேலும் இரண்டு விரற்கடை தானாக விழுந்தது. எதிரே ஓர் ஆடு. காலை ஊன்றியதனால் ஆடும் நானும் தப்பினோம், செருப்பு மட்டும் அறுந்தது. திரும்பி வந்து சொன்னபோது, "பழகினால் சரி வந்திடும், ஐயா" என்றார்கள். இந்த ஒரு சமாதானத்தைத்தான் என்னால் சகிக்க முடிவதில்லை. பழகினால் ஒற்றைக் காலாலும் நடக்கலாம். இரண்டு கால் உள்ளவன் அதைப் பழகுவானேன்? கம்பனிக்காரன் தந்த செம்மையான திருப்பத்தைப் பணம் கொடுத்துக் கெடுத்துவிட்டு, அக்கேட்டைத் தாங்கும் வல்லமையை ஓட்டுந்திறன் என்று கொண்டாடுவதினும் பேதைமை வேறெதுவென்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை நான் கடுமையாகப் பேசுகிறேன் போலும்; செருப்பு புதியது.

நூற்றுப்பத்தே வேண்டுமென்பவர், சுவர் தாழ்ந்த 110/70 போன்ற ரயரைத் தேடி, அதற்கேற்ற றிம்மும் இட்டுக்கொண்டால் உயரம் பெரும்பாலும் பழைய அளவிலேயே நிற்கும் என்று அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். கராஜ்காரர் ஆமென்றார். தம்பியோ அப்படிப்பட்ட ரயர் "சப்பையாய்த் தெரியும்" என்று மறுத்துவிட்டார். ஆக, வேண்டப்பட்டது பிடிப்புமன்று, ஸ்திரமுமன்று என்பது அவர் வாயாலேயே வெளிப்பட்டது.

கழற்றிய பழைய ரயர், வார்ப்பில் வந்த றப்பர் முடிகள் ஓரங்களில் இன்னும் உதிராதிருக்க, கராஜ்ச் சுவரில் தொங்குகிறது. அந்தத் தம்பி எங்கள் ஒழுங்கைக்குள் வரும்போது, திருப்பத்துக்குப் பத்து யார் முன்னரே இரண்டு கால்களையும் கீழே இறக்கிவிடுகிறார்.