நடக்க முடிந்தவரை மட்டும் ஏற்றும் வண்டி

இரண்டாண்டுச் சேமிப்பைத் திரட்டி, அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்திலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்துடன் செல்ல ஏற்பாடு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புறப்படப் பத்து நாள் இருக்கும்போது படியில் கால் இடறுகிறது. கணுக்கால் எலும்பில் முறிவு. மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், "போய் வாருங்கள். ஆனால் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது" என்கிறார். பயணச் சீட்டோ காத்திருக்காது. குழந்தைகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயணத்தைத் தள்ளிவைக்கவும் மனம் வராது.

அந்தக் கட்டுப் போட்ட காலுடன் பூங்காவுக்குள் நுழைந்தால், அது எப்படிப்பட்ட பூங்காவாகத் தோன்றும்? அதன் அலங்காரத்தையும் பொம்மைகளையும் புகழ்ந்து பலர் எழுதியிருக்கிறார்கள். நாம் இங்கே அதை மனிதரை இடம் விட்டு இடம் நகர்த்தும் ஒரு பெரும் பொறியாக மட்டும் எடுத்துக்கொண்டு, குறை நிறைகளை ஆராய்வோம்.

எவ்வளவு தூரம்?

1971ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட டிஸ்னி வேர்ல்டு ஏறத்தாழ 100 சதுர கிலோ மீட்டர் பரப்புள்ளது. அதற்குள் தனித்தனியே நான்கு பெரும் பூங்காக்கள் உள்ளன. அவற்றுள் மூத்ததான மேஜிக் கிங்டத்துக்குக் காரில் வருபவர், காரை நிறுத்திய இடத்திலிருந்து நேரே வாசலுக்குப் போய்விட முடியாது. நடுவே ஓர் ஏரி கிடக்கிறது. அதைப் படகில் கடக்க வேண்டும். அல்லது ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோரயிலில் சுற்றி வர வேண்டும். 1982இல் திறந்த எப்காட் பூங்காவிலோ, பல நாட்டுக் கட்டடங்கள் சூழ்ந்த ஏரியை ஒருமுறை சுற்றி வந்தாலே சுமார் 2 கிலோ மீட்டர்.

இந்த 2 கிலோ மீட்டரைக் கிரட்ச் எனப்படும் அக்குள்கட்டைகளால் கடப்பதாகக் கணக்கிடுவோம். கட்டைகளை ஊன்றி உடலை ஒருமுறை வீசினால் ஒரு மீட்டர் நகர்கிறீர்கள் என்றாலும், 2,000 முறை உங்கள் எடையை உள்ளங்கைகள் தாங்க வேண்டும். களைத்தவுடன் அக்குளைக் கட்டையின் மேல் சாய்க்கத் தோன்றும். அது ஆபத்து. அங்கே ஓடும் நரம்பு அழுந்தினால் மணிக்கட்டு வலுவிழந்து தொங்கிவிடக்கூடும். அக்குளுக்கும் கட்டைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது இதனால்தான். ஒரு காலைத் தூக்கியபடி கட்டைகளால் நடப்பதற்கு, அதே தூரத்தை இயல்பாக நடப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் செலவாகும். ஆகவே அக்குள்கட்டை வீட்டுக்கும் குளியலறைக்கும் உதவும். இப்பூங்காவுக்குச் சக்கர நாற்காலியே தகும்.

சரிவின் கணக்கு

சக்கர நாற்காலியைப் பொறுத்தவரை பூங்காவைப் பாராட்டியே ஆக வேண்டும். அமெரிக்காவில் 1990இல் இயற்றப்பட்ட ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகளின்படி, புதிதாகக் கட்டும் சாய்தளம் 1 அடி உயர்வதற்குக் குறைந்தது 12 அடி நீளம் இருக்க வேண்டும். இந்த 12 எங்கிருந்து வந்தது? உங்கள் எடை 70 கிலோ, நாற்காலி 15 கிலோ, ஆக 85 கிலோ என்போம். வழவழப்பான சமதளத்தில் இதைத் தள்ள ஏறக்குறைய 1 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். 12க்கு 1 சரிவில் 85ஐ 12ஆல் வகுத்தால் வரும் 7 கிலோ விசை கூடுதலாக வேண்டும். சரிவு 8க்கு 1 ஆனால் அதுவே 10 கிலோவைத் தாண்டிவிடும். மோனோரயில் மேடை உயரத்தில் இருப்பதால் அங்கே சாய்தளம் ஏறித்தான் ஆக வேண்டும். பின்னால் நின்று தள்ளும் உங்கள் மனைவிக்கோ மகனுக்கோ இந்த வேறுபாடு பெரிது.

மின்சார நாற்காலி வண்டியும் வாசலில் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அதை ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பந்தாட்டத்தில் கால் முறிந்த 15 வயதுப் பையனை யாராவது தள்ளித்தான் ஆக வேண்டும். முன்பதிவு கிடையாது, முந்தியவருக்கே வண்டி. வாடகைக்கு எடுத்ததைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுபோகவும் இயலாது. நாள் முழுதும் சுற்றிக் களைத்துத் திரும்பும் வேளையில், தங்குமிடம் வரைக்கும் உங்களுக்குத் துணை மீண்டும் அக்குள்கட்டையே. இது முதற் குறை.

நிற்காத வண்டி

இனி முதன்மையான குறைக்கு வருவோம். 1966இல் வால்ட் டிஸ்னி இங்கே ஒரு பொழுதுபோக்கிடம் மட்டுமன்றி, மக்கள் வாழும் எதிர்கால நகரம் ஒன்றையும் அமைக்கத் திட்டம் தீட்டினார். அந்நகருக்குள் மக்கள் சென்று வர அவர் எண்ணிய ஊர்தியின் பெயர் பீப்பிள் மூவர். 'மக்களை நகர்த்துவது' என்று பொருள். அவ்வாண்டு டிசம்பரில் அவர் காலமானார், நகரமும் கட்டப்படவில்லை. ஊர்தி மட்டும் 1975இல் மேஜிக் கிங்டத்தில் ஓடத் தொடங்கியது.

பொறியியல் நோக்கில் அது ஒரு விந்தை. பெட்டிகளில் மோட்டாரே இல்லை. பாதையில் பதித்த மின்காந்தச் சுருள்கள், பெட்டியின் அடியிலுள்ள உலோகத் தகட்டில் மின்னோட்டத்தைத் தூண்டி அதை முன்னே தள்ளுகின்றன. சாதாரண மின் மோட்டாரை அறுத்து நீளவாக்கில் விரித்தது போன்ற அமைப்பு இது. பெட்டிகள் ஏறுமிடத்திலும் நிற்பதில்லை. சுழலும் மேடை ஒன்று பெட்டியின் வேகத்திலேயே நகர்கிறது. அதில் நடந்து சென்று ஏறிக்கொள்ள வேண்டும். அந்த மேடையை அடையவும், சாய்வாக மேலேறும் நகரும் பட்டையில் நின்று செல்ல வேண்டும்.

முடிவு என்ன? தாமே நடக்கக் கூடியவர் மட்டுமே ஏறலாம் என்பது அதன் விதி. மக்களை நகர்த்தவென்று பிறந்த வண்டி, நகர இயலாதவரைக் கீழே விட்டுவிட்டுப் போகிறது! கட்டுக் காலுடன் நீங்கள் நிழலில் அமர்ந்து, தலைக்கு மேலே உங்கள் பிள்ளைகள் போவதைப் பார்த்துக் கையசைக்கலாம்.

ஏன் நிறுத்தக் கூடாது? பொறியாளரின் பதிலையும் கேட்க வேண்டும். நிற்காமல் ஓடும் ஒரு சவாரியில் 4 விநாடிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு 2 பேர் என்று கொண்டால் மணிக்கு 1,800 பேர் ஏறுவர். ஒரு நிமிடம் நிறுத்தினால் 30 பேரின் இடம் வீணாகும். ஒருவருக்காக 30 பேரா என்பது முதல் வாதம். நடுவழியில் சவாரி நின்றுவிட்டால் உயரப் பாதையில் நடந்தோ ஏணியில் இறங்கியோ தப்ப வேண்டும். நடக்க முடியாதவரை என்ன செய்வது என்பது இரண்டாம் வாதம். இந்த இரண்டாவது வாதம் வலுவானது. உயிர் சம்பந்தப்பட்டது, அதை அலட்சியம் செய்ய முடியாது.

எனினும் விடை இல்லாத கணக்கு அன்று இது. அதே பீப்பிள் மூவர் நுட்பம் 1981இல் ஹூஸ்டன் விமான நிலையத்தில் நிலத்தடி ரயிலாக அமைந்தபோது, வண்டி நிலையத்தில் நின்று ஆள் ஏற்றியது. பூங்காவுக்குள்ளேயே சான்று உண்டு. 2012இல் மேஜிக் கிங்டத்தில் அமைந்த கடற்கன்னிச் சவாரியும் நிற்காத சங்கிலித் தொடர் வகைதான். ஆனால் அதில் சக்கர நாற்காலியுடனே ஏறக்கூடிய பெட்டிகளைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் வரைபடத்திலேயே அந்த மனிதரை நினைத்தால் வழி பிறக்கிறது. கட்டி முடித்த பின் நினைத்தால் அறிவிப்புப் பலகைதான் பிறக்கிறது.

செலவு தடையாயிற்றோ என்றும் கேட்கலாம். இதே மேஜிக் கிங்டத்தில், ஏரி தோண்டிய மண்ணைக் கொட்டி நிரப்பி, வேலையாட்களும் குப்பையும் சரக்கும் பார்வையாளர் கண்ணில் படாமல் செல்லத் தரைக்குக் கீழே சுரங்க வழிகளை அமைத்தார்கள். நீங்கள் நடக்கும் தெரு உண்மையில் இரண்டாம் தளம்! குப்பை வண்டிக்கு ஒரு தனி உலகம் படைத்தவர்களுக்கு, ஊன்றுகோல் ஏந்தியவருக்கு ஒரு பக்கவழி அமைப்பது அரிதா?

வரிசையில் தொங்கும் கால்

வரிசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான வரிசைகள் சக்கர நாற்காலி போகும் அகலம் உள்ளவை. ஆகவே கால் ஊனத்துக்காகத் தனிச் சலுகை இல்லை. 2024இல் திருத்திய விதிகளின்படி, வரிசைக்கு வெளியே காத்திருக்கும் சலுகை ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளால் வரிசையில் காத்திருக்க இயலாதவர்களுக்கே உரியது. தர்க்கம் நேரானதே. நடக்க முடியாதது வேறு, காத்திருக்க முடியாதது வேறு.

ஆனால் உடலியல் இன்னொன்றையும் சொல்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரைகளிலுள்ள குருதியை மேலே தள்ளுகிறது. கட்டுக்குள் அசையாமல் ஒரு மணி நேரம் தொங்கும் காலில் அந்த இறைப்பான் வேலை செய்யாது. கால் வீங்கும், கட்டு இறுகும், வலி கூடும். வரிசையின் அகலத்தை அளந்தவர்கள் காலின் உயரத்தை அளக்க மறந்தார்கள். காலை நீட்டி உயர்த்தி வைக்கும் தாங்கியுள்ள நாற்காலிதான் இதற்கு மருந்து. அதைப் பயணத்துக்கு முன்பே கேட்டு ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு.

நீங்கள் செய்யத் தக்கவை இன்னும் சில. கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகவில்லையெனில், விமானத்தில் ஏறுமுன் கட்டைப் பிளந்து தளர்த்த வேண்டுமா என மருத்துவரைக் கேளுங்கள். நீண்ட பயணத்தில் குருதி உறையும் ஆபத்தைப் பற்றியும் கேளுங்கள். மாலை மழையில் கட்டு நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை வைத்திருங்கள். குலுங்கும் சவாரிகளைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். கோல் ஊன்றும் நிலைக்குத் தேறியிருந்தால், அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் கோலைப் பிடியுங்கள்.

நம் முடிவு இது. இப்பூங்கா சரிவுகளில் தேறிவிட்டது. ஏறுமிடத்தில், அந்தக் கடைசி ஓரடியில், இன்னும் முழுதாகத் தேறவில்லை. கால் முறிந்தவர் ஆறு வாரத்தில் குணமாகி, இந்தக் குறையை மறந்துவிடுவார். அதனால் அவர் குரல் பதிவாவதில்லை. ஆனால் அவர் எழுந்த நாற்காலியில் நாளை வேறொருவர் அமர்வார். முதுமையில் நாமும் அமர்வோம். மனிதரை ஏற்றும் பொறி ஒன்றைக் காணும்போது, அது எத்தனை பேரை ஏற்றுகிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். யாரை ஏற்றாமல் போகிறது என்றும் கேளுங்கள்.